துருவா உலோகத்தின் கருமணற்கரை: தென்திருவிதாங்கூர் இல்மனைட்டும் டைட்டானியத்தின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

டைட்டானியம் அரிமானத்தை எதிர்க்கும் உலோகம். அப்பண்பிற்குக் காரணமான ஆக்சிசன் நாட்டமே அவ்வுலோகத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க முடியாமல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடுத்து வைத்தது. இடைப்பட்ட காலத்தில் தென்திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து உலகச் சந்தைக்குச் சென்ற கருமணல், உலோகத்திற்காக அன்றி வெண்ணிறமிக்காகவே வாங்கப்பட்டது. இக்கரையின் கனிம வரலாற்றை மோனசைட், தோரியம் ஆகியவற்றை மட்டும் மையப்படுத்தி எழுதும் வழக்கம் போதாது என்பதும், இல்மனைட்டின் வழியே அவ்வரலாற்றை மீளக் காண வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: டைட்டானியம், இல்மனைட், தாதுமணல், மணவாளக்குறிச்சி, சவறா, அரிமானம், வெண்ணிறமி.

1. மணலின் பிறப்பு

கன்னியாகுமரிக் கடற்கரையில் சிறு பொட்டலங்களில் விற்கப்படும் பல நிற மணலைப் பற்றி ஒரு வழக்காறு உண்டு. குமரியம்மனின் திருமணம் நின்றுபோனதால் சமைக்கப்படாது கிடந்த அரிசியும் பிறவும் மணலாக மாறின என்பது அது. கனிமவியல் வேறொரு கதையைச் சொல்கிறது. அம்மணலின் செந்நிறம் கார்னெட் என்னும் கனிமத்தினுடையது. கருநிறம் பெரும்பாலும் இல்மனைட்டினுடையது. இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிசனும் சேர்ந்த கனிமம். உருசியாவின் யூரல் பகுதியிலுள்ள இல்மன் மலைகளின் பெயரால் அது அழைக்கப்படுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள சார்னோக்கைட், கோண்டலைட் முதலிய பழம்பாறைகளில் இக்கனிமங்கள் சிறுசிறு மணிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. பாறை சிதைய, மழைநீர் அம்மணிகளை ஆறுகளில் சேர்க்க, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவந்தன. பிறகு நிகழ்வது அலைகளின் வேலை. சாதாரண வெண்மணலாகிய குவார்ட்சின் அடர்த்தி 2.65, இல்மனைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 4.7, மோனசைட் 5ஐத் தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையில் மோதித் திரும்பும் அலை இலேசான மணலை இழுத்துச் செல்ல, கனத்த மணிகள் கரையிலேயே தங்குகின்றன. முறத்தில் புடைக்கும்போது பதர் வெளியேறி மணி நிற்பதை ஒத்த செயல் இது. ஆண்டுதோறும் இது நிகழ்வதால், அள்ளிய இடத்தில் மீண்டும் கருமணல் படிவதை மணவாளக்குறிச்சி மக்கள் நன்கறிவர்.

இங்கு மற்றொரு வேதியியல் நிகழ்வும் உண்டு. அதைப் பொதுவாக வரலாற்றுக் கட்டுரைகள் கவனிப்பதில்லை. தூய இல்மனைட்டில் டைட்டானியம் டைஆக்சைடு ஏறத்தாழ 52.6 விழுக்காடே இருக்க வேண்டும். மணவாளக்குறிச்சி இல்மனைட்டிலோ அது ஏறத்தாழ 55 விழுக்காடு; கொல்லத்தை அடுத்த சவறாவில் ஏறத்தாழ 60 விழுக்காடு. வெப்பமும் மழையும் மிகுந்த இந்நிலத்தில் மணியினுள் இருந்த இரும்பு ஆக்சிசனேற்றமடைந்து நெடுங்காலமாகக் கரைந்து வெளியேற, டைட்டானியம் அசையாது நின்றதே இதற்குக் காரணம். இரும்பு அரிக்கப்பட, டைட்டானியம் அரிக்கப்படாது எஞ்சியது. திருவிதாங்கூர் மணலை உலகச் சந்தையில் உயர்ந்த தரமாக்கியது இந்த இயற்கை அரிமானந்தான்.

2. கார்ன்வாலில் ஒரு கருமணல்

டைட்டானியம் முதன்முதலில் இனங்காணப்பட்டதும் கருமணலிலேயே. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மனாக்கன் என்னும் சிற்றூரின் ஓடையில் கிடைத்த மணலை, வேதியியலில் ஈடுபாடு கொண்ட வில்லியம் கிரிகர் என்னும் கிறித்தவ மதகுரு 1791ஆம் ஆண்டில் பகுத்தாய்ந்தார். அது காந்தத்தால் ஈர்க்கப்பட்டது. இரும்பு இருப்பது தெரிந்தது. இரும்பை நீக்கியபின் எஞ்சிய பொருள் அன்று அறியப்பட்டிருந்த எந்த உலோகத்தின் ஆக்சைடோடும் பொருந்தவில்லை. ஊர்ப்பெயரை ஒட்டி அம்மணலுக்கு ‘மெனக்கனைட்’ என்று பெயர் வழங்கியது. 1795இல் செருமானிய வேதியியலாளர் மார்ட்டின் என்ரிக் கிளாப்ரோத், அங்கேரியிலிருந்து பெற்ற ரூட்டைல் கனிமத்தில் ஒரு புதிய தனிமத்தைக் கண்டு, கிரேக்கத் தொன்மத்தின் டைட்டன்களை நினைத்து அதற்கு டைட்டானியம் எனப் பெயரிட்டார். கிரிகர் கண்டதும் தாம் கண்டதும் ஒன்றே என்பதைப் பின்னர் அவரே உறுதிசெய்தார்.

இருவரும் கண்டது ஆக்சைடையே, உலோகத்தை அன்று. பெயர் கிடைத்தபின் பொருள் கைக்குக் கிடைக்க 115 ஆண்டுகள் ஆயின. இவ்விடைவெளி இவ்வரலாற்றில் முதன்மையானது. ஆதலின் அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் காணலாம்.

3. காக்கும் படலமும் தடுக்கும் பிணைப்பும்

டைட்டானியம் துருப்பிடிப்பதில்லை என்பதால் அது பொன்னைப் போல ஆக்சிசனோடு உறவற்ற உலோகம் என்று எண்ணுதல் பிழை. உண்மை நேர்மாறானது. ஆக்சிசனோடு மிக விரைந்து, மிக உறுதியாகப் பிணையும் உலோகங்களுள் அது ஒன்று. காற்றுப் பட்ட கணத்திலேயே அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலம் உருவாகிவிடுகிறது. இரும்பின் துரு பருத்து, வெடித்து, உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் அரிப்புக்குத் திறந்துவிடும். டைட்டானியத்தின் படலமோ செறிவாக ஒட்டிக்கொண்டு உட்புறத்தை மூடிவிடுகிறது. கீறல் விழுந்தால், சுற்றிலும் ஆக்சிசனோ நீரோ இருக்கும்வரை, அவ்விடத்தில் புதிய படலம் தானே தோன்றும். கடல்நீர், ஈரமான குளோரின், நைட்ரிக் அமிலம் ஆகியவற்றை அது தாங்குவது இதனால்தான். படலத்தைக் கரைக்கவல்ல ஐதரோபுளோரிக் அமிலத்திடமும், படலம் புதுப்பிக்கப்பட வழியற்ற உலர் குளோரினிடமும் அது தோற்கும். எதையும் தாங்கும் உலோகம் என்று விளம்பரங்கள் கூறுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இதே நாட்டம் பிரித்தெடுப்போர்க்குப் பெருந்தடையாயிற்று. இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டால் இரும்பு கிடைக்கும். தமிழகத்துக் கொல்லர்கள் தொன்றுதொட்டு அறிந்த முறை அது. டைட்டானியத் தாதுவை அவ்வாறு செய்தால் கிடைப்பது கார்பைடு கலந்த, நொறுங்கும் பொருள். சூடான நிலையில் அவ்வுலோகம் கரியோடும் நைட்ரசனோடும் பிணைகிறது. நைட்ரசனில் எரியவும் வல்லது. சிறிதளவு ஆக்சிசன் உட்புகுந்தாலும் உலோகம் கடினமாகி முறியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் பெற்றவை இத்தகைய தூய்மையற்ற மாதிரிகளே. உலோகத்தின் உண்மையான இயல்பு என்னவென்றே அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1910இல் அமெரிக்காவின் இரென்சலேர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் மேத்யூ அண்டர், டைட்டானியம் டெட்ராகுளோரைடையும் சோடியத்தையும் மூடிய எஃகுக் கலனில் 700 முதல் 800 பாகை செல்சியசு வரை சூடாக்கி 99.9 விழுக்காடு தூய உலோகத்தைப் பெற்றார். ஆக்சைடோடு போராடுவதை விட்டு அதைக் குளோரைடாக மாற்றிக்கொண்டதே அவர் முறையின் சிறப்பு. இலக்சம்பர்க்கில் ஆய்வு செய்துவந்த வில்லியம் குரோல், 1930களில் சோடியத்திற்கு மாற்றாக முதலில் கால்சியத்தையும் பின்னர் மக்னீசியத்தையும் பயன்படுத்திப் பெருமளவு உற்பத்திக்கு ஏற்ற வழியைக் கண்டார். 1940இல் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தார். 1948இல் டூபாண்ட் நிறுவனம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. குரோல் முறையில் உலோகம் ஆர்கான் வளிமத்தின் காப்பில், நாட்கணக்கில் நடைபெறும் வினையின் முடிவில், நுண்துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற கட்டியாகக் கிடைக்கும். ஒவ்வொரு கலனாகத் திறந்து, கட்டியை உடைத்து, மீண்டும் தொடங்க வேண்டும். புவி மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களுள் ஒன்பதாவது இடத்தில் இருக்கும் டைட்டானியம் இன்றும் விலை மிகுந்த உலோகமாக இருப்பது தாது அரிதாய் இருப்பதால் அன்று, இப்படியின் கடினத்தால்.

4. கயிற்றில் ஒட்டி வந்த மணல்

உலோகம் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய அதே ஆண்டுகளில் திருவிதாங்கூர்க் கரை உலகச் சந்தையின் கண்ணில் பட்டது. ஆனால் வேறொரு கனிமத்தின் பொருட்டு. ஆசுத்திரிய வேதியியலாளர் ஆவர் வான் வெல்சுபாக் வடிவமைத்த வாயுவிளக்கு வலைக்குத் தோரியம் ஆக்சைடு இன்றியமையாதது. தோரியத்தைத் தரும் மோனசைட் அந்நாளில் பிரேசிலிலிருந்து வந்தது. திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றுப்பொருளில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மணிகளைக் கண்ட சி.டபிள்யூ. சோம்பெர்க் என்னும் செருமானியர், அதன் மூலத்தைத் தேடி 1909இல் மணவாளக்குறிச்சிக் கரையை அடைந்தார். அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் தொடங்கியதும் செருமானியர் பிடி அகன்று தொழில் பிரித்தானியர் கைக்கு மாறியது.

கயிறு திரிக்கும் தொழிலாளர் கையில் நாள்தோறும் உதிர்ந்த மணல் அது. அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை; கண்டறிந்தவர் என்ற பெயர் வணிகருக்குச் சென்றது.

அந்த முதற்பத்தாண்டில் இல்மனைட் தேடப்பட்ட பொருள் அன்று. மணலில் மிகுதியாக இருந்தது அதுவே, மோனசைட் சிறுபங்கே. வலுவான காந்தத்தின்கீழ் மணலைச் செலுத்தினால் முதலில் பிரிவது இல்மனைட், அடுத்து கார்னெட், காந்தத்தை மேலும் வலுவாக்கினால் மோனசைட், எஞ்சுபவை ரூட்டைலும் சிர்க்கானும். மோனசைட்டை அடைய இல்மனைட்டை முதலில் ஒதுக்கியாக வேண்டும். இவ்வாறு ஒதுக்கப்பட்ட கருங்குவியலுக்கு விலை வந்த கதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது.

5. வெண்மையின் வணிகம்

பல நூற்றாண்டுகளாக வெள்ளைச் சாயத்திற்கு ஈயவெள்ளையே பயன்பட்டது. அது நஞ்சு, அதைத் தயாரித்தோரும் பூசியோரும் ஈய நோயால் வாடினர். 1916 அளவில் நார்வேயிலும் அமெரிக்காவின் நயாகரா அருவிப் பகுதியிலும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டைஆக்சைடு நிறமியை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கினர். ரூட்டைல் வடிவ டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, வைரத்திற்கு 2.42. ஒளியை இத்துணை வலுவாகச் சிதறச் செய்வதால் மெல்லிய பூச்சே அடியிலுள்ளதை மறைத்துவிடும். நஞ்சும் இல்லை, நிறம் மங்குவதும் குறைவு. காற்றோ நீரோ அமிலமோ எளிதில் மாற்ற முடியாத அதே ஆக்சைடு, உலோகவியலாரைத் தோற்கடித்த அதே ஆக்சைடு, வண்ணத் தொழிலுக்குப் பெரும்பேறாயிற்று.

1920களின் தொடக்கத்திலிருந்து திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறியது. 1930களில் உலக நிறமித் தொழிலுக்கு இல்மனைட் வழங்குவதில் இச்சமத்தானமே முதன்மை பெற்றிருந்தது. ஏற்றுமதியில் அளவால் மேலோங்கியது இல்மனைட்டே. இருந்தும் இக்கரையைப் பற்றிய எழுத்துகளில் தலைமை இடம் மோனசைட்டுக்கும் தோரியத்துக்குமே வழங்கப்படுகிறது. அணுவாற்றலோடு தொடர்புடையது என்பதால் தோரியத்தைச் சூழ்ந்த மறைபொருள் தன்மை எழுத்தாளரை ஈர்த்திருக்கலாம். கரையின் உழைப்பையும் வருவாயையும் சூழலையும் பற்றி எழுதுவோர்க்கு இல்மனைட்டே முதன்மைச் சான்றாக வேண்டும் என்பது எம் கருத்து.

இம்மணல் எத்துணை இன்றியமையாதிருந்தது என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டியது. இந்தியாவிலிருந்து கப்பல் வரத்து தடைப்படும் நிலையில், அமெரிக்காவின் நியூயார்க் மாநில மலைப்பகுதியில் தகாவசு என்னும் இடத்தில், இரும்புக்காக முன்பு தோண்டிக் கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தை நேசனல் லெட் நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் டைட்டானியத்திற்காக மீண்டும் திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு இரும்பு உருக்கியோருக்குத் தொல்லையாக இருந்த டைட்டானியக் கலப்பே இப்போது தேடப்படும் பொருளாயிற்று. மாற்று வழி கண்டுபிடிக்கப்பட்டபின் திருவிதாங்கூரின் தனியிடம் முன்போல் நீடிக்கவில்லை.

மணலை மணலாகவே விற்பதன் இழப்பைச் சமத்தானம் உணராமல் இல்லை. சித்திரைத் திருநாள் ஆட்சியில், சி.பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த 1946ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் டைட்டானியம் புராடக்ட்சு நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த கொச்சுவேளியில் 1951இல் நிறமி உற்பத்தி தொடங்கியது. அங்கு கையாளப்பட்டது கந்தக அமில முறை. தாதுவை அமிலத்தில் கரைத்து, இரும்பைச் சல்பேட்டாக நீக்கி, டைட்டானியத்தை வெண்பொடியாகப் படியச் செய்வர். கிடைக்கும் நிறமியைக் காட்டிலும் வெளியேறும் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேட்டும் எடையில் மிகுதி. வெண்மையின் விலை கடலோரத்து நீரில் செந்நிறமாகத் தெரிந்தது.

6. எல்லையும் ஆலையும்

1948இல் அணுவாற்றல் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடுவண் அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இணைந்து இந்திய அருமண் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் முதல் ஆலை ஆலுவாயில் 1952இல் திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1இல் கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, கல்குளம் வட்டத்து மணவாளக்குறிச்சியும் தமிழ்நிலத்திற்கு வந்தது. மணல் வந்தது, நிறமி ஆலை திருவனந்தபுரத்திலும் அருமண் ஆலை ஆலுவாயிலும் நின்றன. 1965இல் மணவாளக்குறிச்சி, சவறா ஆகிய இரண்டு இடங்களிலும் இருந்த தனியார் மணல் நிறுவனங்களை இந்திய அருமண் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதன்பின்னும் மணவாளக்குறிச்சி பிரிப்பாலையாகவே தொடர்ந்தது. சவறாவிலோ, 1932இல் தனியார் தொழிலாகத் தொடங்கிய ஒன்று 1972இல் கேரள அரசின் கனிம நிறுவனமாகி, 1984இல் குளோரைடு முறை நிறமி ஆலையாக வளர்ந்தது. எல்லை மாற்றத்தை மொழியின் வெற்றியாக எழுதும் நம் வரலாற்று நூல்கள் இத்தொழிற்பிரிவினையையும் கணக்கில் கொள்வது தகும்.

தமிழ்நாட்டில் மதிப்புக்கூட்டல் அறவே இல்லை என்று கூறுவதும் சரியன்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தில் உள்ள தாரங்கதாரா வேதித்தொழிலகம் இல்மனைட்டிலிருந்து செயற்கை ரூட்டைல் தயாரிக்கிறது. உப்பிலிருந்து காரச்சோடா செய்யும்போது கிடைக்கும் குளோரின் ஐதரோகுளோரிக் அமிலமாக்கப்பட்டு, அவ்வமிலத்தால் இல்மனைட்டின் இரும்பு கரைத்து நீக்கப்படுகிறது. சவறாக் கரையில் மழை நெடுங்காலம் செய்ததை அமிலக் கலன் சில மணிகளில் செய்கிறது.

7. உலோகமாகும் மணல்

டைட்டானிய உலோகத்தை முதலில் பெருமளவில் வேண்டியவர்கள் வானூர்தி கட்டியோர். எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ 57 விழுக்காடே கொண்ட, 1668 பாகையில் உருகும் உலோகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அரிமான எதிர்ப்பின் முழுப்பயன் வேதித்தொழிலிலும் மருத்துவத்திலும் பின்னர்ப் புலப்பட்டது. சுவீடனின் பெர்-இங்வார் பிரோன்மார்க், டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைவதைக் கண்டு, 1965இல் மனிதத் தாடையில் டைட்டானிய வேர் பதித்தார். உடல்நீரும் உப்புநீரே, அதே படலம் அங்கும் காக்கிறது.

அரிமானத்தை ஆராயும் பணியில் தமிழ்நாட்டிற்குத் தனியிடம் உண்டு. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் உரூபாயும் அடித்தளமாக அமைய, 1948இல் கால்கோள் இடப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், டைட்டானியத்தின் மேல் உயர் ஆக்சைடு பூசிய கரையா நேர்மின்வாயை உருவாக்கியது. காரச்சோடா ஆலைகளில் முன்பு தேய்ந்து அழியும் கரிமின்வாய்களே பயன்பட்டன. ஈரக் குளோரினில் டைட்டானியம் அழியாமையே இம்மாற்றத்தை இயலச் செய்தது. கல்பாக்கத்தில், எரிந்த அணு எரிபொருளைக் கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து மறுசெயலாக்கும் பணிக்கென, டான்டலமும் நையோபியமும் சேர்த்த டைட்டானியக் கலப்புலோகம் ஆராயப்பட்டது.

இவ்வளவும் நடந்தபோதும், மணல் மிகுந்த நாடு உலோகத்தை வெளியிலிருந்தே வாங்கிவந்தது. ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் குரோல் முறையை இந்நாட்டுச் சூழலில் வகுத்தெடுக்க, விக்கிரம் சாராபாய் விண்வெளி மையம் நிதி வழங்க, சவறாவில் 2011இல் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை திறக்கப்பட்டது. சோம்பெர்க் இக்கரைக்கு வந்த 1909இலிருந்து கணக்கிட்டால் 102 ஆண்டுகள். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் ‘மத்சியா 6000’ என்னும் நீர்மூழ்கிக் கலத்தில், 6000 மீட்டர் ஆழத்தில் மூவரைக் காக்கவிருப்பது 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கலப்புலோகக் கோளமே.

8. தேரியின் கேள்வி

கடற்கரையை விட்டு உள்நாட்டில், சாத்தான்குளம், குதிரைமொழி வட்டாரத்துத் தேரிகளிலும் இல்மனைட் பெருமளவில் உண்டு. தேரி சிவந்திருப்பது மணிகளைப் போர்த்தியுள்ள இரும்பு ஆக்சைடால். 2007இல் அங்கு டைட்டானியம் டைஆக்சைடு ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசும் டாடா ஸ்டீல் நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. பனையும் முருங்கையும் முந்திரியும் சார்ந்து வாழ்ந்த மக்களிடம் நில எடுப்பிற்கு எதிர்ப்பு எழ, திட்டம் நின்றது. 2013இல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தனியார் தாதுமணல் அகழ்வை மாநில அரசு நிறுத்தியது.

இவ்விவாதங்களில் ‘டைட்டானியம்’ என்னும் சொல் இரு பொருளில் கையாளப்பட்டதைக் காணலாம். திட்டத்தை ஆதரித்தோர் வானூர்தியையும் விண்கலத்தையும் சுட்டினர். ஒப்பந்தத்தில் இருந்ததோ நிறமி. உலகில் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி இன்றும் வெண்ணிறமிக்கே செல்கிறது, உலோகமாவது சிறுபங்கே. நிலத்திற்கு ஈடு பேசும்போது எப்பொருளின் மதிப்பு பேசப்படுகிறது, மணலினுடையதா, நிறமியினுடையதா, உலோகத்தினுடையதா என்பது ஆவணங்களில் தனித்துக் குறிக்கப்பட வேண்டும். தேரி மணலின் இல்மனைட் எடுக்கப்படாமல் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் பிரிப்பாலை இயங்கி வருகிறது.